நீலப் பையின் பரஸ்தானம்

வியாழக்கிழமை தெற்கே சூலம். சென்னையும் தெற்கேதான் இருக்கிறது. விமானக் கம்பெனிக்காரர்களுக்கு இதில் ஒன்றுதான் தெரியும். ஸ்ரீநாத்துக்கு இரண்டும் தெரியும். தெரிந்தும் வியாழக்கிழமைக்கே டிக்கெட் போட்டிருந்தான்.

"வேற நாள் பாரேண்டா," என்று சாவித்ரி போனில் சொல்லிப் பார்த்தாள்.

"அம்மா, டாக்டர் கொடுத்த சர்டிபிகேட் சனிக்கிழமையோட முடிஞ்சுடறது. அப்பா மெஷினை ஃபிளைட்ல ஏத்த பர்மிஷன் வாங்கறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிடுத்து. சூலமாவது வேலாவது, பேசாம கிளம்பி வா."

அவனே வந்து கூட்டிக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு. நடுவில் டெங்கு வந்து படுத்துவிட்டான். எழுந்து நடக்கவே சுவரைப் பிடிக்கிறான் என்று மருமகள் வித்யாலக்ஷ்மி சொன்னாள். ஆகவே வங்காளத்து டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால், இரண்டாம் மாடி வீட்டிலிருந்து, கணவர் சிவராமகிருஷ்ணனையும் அவருடைய மூச்சு மெஷினையும் சாவித்ரி ஒருத்தியே சென்னை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தள்ளிப்போடவும் வழியில்லை. "இந்த மாதம் பறக்கலாம். குளிர் ஏறிப் புகை கீழே இறங்கிவிட்டால் அடுத்த மாதம் நான் கையெழுத்துப் போடமாட்டேன்," என்று நுரையீரல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இப்போது விட்டால் அப்புறம் கிடையாது. இந்த வீட்டில், இந்த ஊரில், இரண்டு பேராக இருந்து, பிறகு ஒருத்தியாக இருக்க வேண்டியதுதான்.

சூலத்துக்கு என்ன செய்வது என்பது சாவித்ரிக்குத் தெரியும். பவானிபூரில் அவள் பிறந்த வீட்டில் யார் ஊருக்குப் போனாலும் அம்மா செய்வாள். கிளம்புகிற நாள் சரியில்லையென்றால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு சாமானை வீட்டைவிட்டு வெளியே அனுப்பி, போகிற வழியில் யார் வீட்டிலாவது வைத்துவிடுவது. சாமான் கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகவே அர்த்தம். மறுநாள் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடலாம். இதற்குப் பரஸ்தானம் வைப்பது என்று பெயர். இதில் அம்மா கறாராக வைத்திருந்த சட்டம் உண்டு. வேண்டாத சாமானை வைத்துக் கடவுளை ஏமாற்றக்கூடாது. அது இல்லாமல் பயணமே நடக்காது என்கிற பொருளாக இருக்க வேண்டும். வெளியே போனது மறுபடி வாசற்படி ஏறி உள்ளே வரவும் கூடாது.

சாவித்ரி யோசித்தாள். துணிப் பெட்டி இல்லாமல் பயணம் நடக்கும். பொடி டப்பாக்கள் இல்லாமலும் நடக்கும், மருமகளுக்கு அதில் சந்தோஷமே. எது இல்லாமல் நடக்காது? நீலப் பை. ஸ்ரீநாத் பூஜா விடுமுறைக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்த தோள்பை அது. மாத்திரைகளை அட்டையிலிருந்து உதிர்க்காமல், சீட்டோடு சேர்த்து அதில்தான் வைத்திருந்தாள். இன்ஹேலர்கள், மூக்குக் குழாய் உபரியாக ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாக, தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன மெஷினுக்கான உபரி பேட்டரிகள். "பேட்டரியைப் பெட்டியில போட்டு லக்கேஜ்ல அனுப்பிடாதேம்மா, கையிலதான் கொண்டுபோகணும்," என்று ஸ்ரீநாத் தலையில் அடித்துச் சொல்லாத குறை. அவள் பேட்டரிகளை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, முனைகளில் டேப் ஒட்டி, தனித்தனிக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.

புதன்கிழமை காலை நல்ல நேரத்தில், பை மேல் ஒரு மஞ்சள் கிழங்கை வைத்து, ஒரு மாடி இறங்கி ஷிப்ரா தீதி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஷிப்ரா தீதி ரிட்டயரான டீச்சர். தனியாக இருப்பவள். பையை இரண்டு கையாலும் வாங்கித் திவானில் வைத்தாள்.

"இதற்குத் தண்ணி கிண்ணி காட்ட வேண்டுமா? சாமியா?" என்று வங்காளத்தில் கேட்டாள்.

"சாமியில்லை தீதி, பேட்டரி."

"ஓ மா! பேட்டரிக்கு மஞ்சளா?"

"நாளைக்கு எங்களுக்கு நாள் சரியில்லை. அதனால் இது இன்றைக்கே கிளம்பிவிட்டது. நாங்கள் இதன் பின்னால் போகிறோம்."

ஷிப்ரா தீதி சிரிக்கவில்லை. நாள் கிழமை பார்க்காதவர்கள் வங்காளத்தில் யார் இருக்கிறார்கள். பையைத் தடவிக்கொடுத்து, "அப்படியென்றால் நீ ஏற்கெனவே போய்விட்டாய் என்று சொல்லு, ஷாபித்ரி," என்றாள். சாவித்ரி டீ குடித்துவிட்டு மேலே வந்துவிட்டாள்.

மேலே வீட்டில் பெரிய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது கட்டிலோரம் நின்று ராப்பகலாக ஒரே சுருதியில் உறுமும். அதிலிருந்து நீண்ட குழாய் ஒன்று சிவராமகிருஷ்ணன் மூக்குக்குப் போகும். குழாய் எட்டும் தூரம்தான் அவருக்கு உலகம்; சமையலறை வாசல்வரை எட்டும், பால்கனிக்கு எட்டாது. மெஷினில் ஒரு திருகு உண்டு. உட்கார்ந்திருக்கும்போது அளவு இரண்டு. குளிக்கப் போனாலோ, நடந்தாலோ மூன்று. உடம்பு சிரமப்படும்போது மட்டும் மூன்று என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த மனுஷர் ஒரு காலத்தில் வாய் ஓயாதவர். துறைமுகத்தில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் இருந்தார். கிதர்பூர் டாக்கிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். எந்த கிரேன் மக்கர் செய்தது, எந்தக் கப்பல் கேப்டன் என்ன கேட்டான், யூனியன்காரன் எப்படி விழித்தான் என்று சாப்பிட்டுக் கை காய்கிறவரை கதை நடக்கும். "போறுமே, கொஞ்சம் வாயை மூடிண்டுதான் மோரை விட்டுக்கோங்கோளேன்," என்று சாவித்ரி அலுத்துக்கொள்வாள். நுரையீரல் நார்நாராகிப் போகிற வியாதி வந்ததும் முதலில் மாடிப்படி போயிற்று. அப்புறம் பக்கத்து ஏரிக்கரையில் நடை போயிற்று. கடைசியாகப் பேச்சு போயிற்று. மூச்சு இருப்பதே கொஞ்சம். அதைப் பேச்சில் செலவழிக்க அவருக்கு மனமில்லை. கண்ணால் கேட்பார், விரலால் சொல்வார். பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

சாவித்ரி விடவில்லை. அவர் பேசாததையும் சேர்த்துத் தானே பேசினாள். சமையலறையிலிருந்தபடியே பேசுவாள். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வந்திருக்கிறது, காபிப்பொடிக் கடைக்காரர் மஹாதேவன் கடையை மூடிவிட்டு மகனோடு பெங்களூர் போகிறார், ஷிப்ரா தீதி வீட்டு வேலைக்காரி மாலதியின் புருஷன்மேல் அவள் கொழுந்தனே கேஸ் போட்டு அலிப்பூர் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறான். பதில் வராது. மெஷின்தான் உறுமும். சில நாள் மெஷினைப் பார்த்தே, "ஆமாங்கறியா?" என்று கேட்டிருக்கிறாள். தெரிந்த தமிழ்க்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டு போனார்கள். பவானிபூர் சகுந்தலாவும் போன வருஷம் மகளோடு போய்விட்டாள். பேசுவதற்கு ஆளில்லை என்பதில்லை. வங்காளத்தில் ஊரே பேசும். ஆனால் ரசம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒருத்தர் பதில் சொல்ல வேண்டாமா? இரண்டு வருஷமாக அவள் வைத்த ரசத்துக்கு ஒரு சொல் கிடையாது. அது அவளுக்கு எவ்வளவு தாங்கவில்லை என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. சென்னைக்குப் போனால் ஸ்ரீநாத் இருக்கிறான், மருமகள் இருக்கிறாள், எதிர்வீட்டில் சகுந்தலாவின் நாத்தனார் இருக்கிறாளாம். யாராவது ஒருத்தர் உம் கொட்டமாட்டார்களா என்றுதான் அவள் கிளம்பினாள். அவருடைய சிகிச்சைக்காக என்று எல்லோரும் சொன்னார்கள். அதுவும் நிஜம்தான்.

புதன் இரவு ரசமும் சுட்ட அப்பளமும். அவர் தட்டைக் காலி செய்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "பாதி வீட்டைக் கட்டியாச்சு, உப்புப் போட்டேனோ இல்லையோன்னுகூட ஞாபகமில்லை," என்றாள் சாவித்ரி. மெஷின் உறுமியது.

மறுநாள் காலையில் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. லிஃப்ட் கிடையாது. பாடாவின், அதாவது அந்தப் பேட்டையின், கிளப்காரர்கள் நாலு பேர், துர்க்கை சிலையைத் தூக்கிப் பழகிய தோள்காரர்கள், அவரை மர நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். மூக்கில் குழாய், மடியில் சின்ன மெஷின். "ஆஸ்தே, ஆஸ்தே" என்று நிதானிக்கச் சொல்லியபடி ஒருவன் முன்னால் பின்புறமாக இறங்கினான். சாவித்ரி பெரிய மெஷினை நிறுத்தினாள். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. அந்த அமைதியைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அழ நேரமில்லை. கேஸை மூடி, மெயினை அணைத்து, பூட்டை இழுத்துப் பார்த்து, சாமான்களை எண்ணிக்கொண்டே இறங்கினாள். துணிப் பெட்டி, பொடிப் பெட்டி, சாப்பாட்டுக் கூடை, அவள் கைப்பை. எல்லாம் சரி. நீலப் பை அந்தக் கணக்கிலேயே வரவில்லை. அதுதான் நேற்றே கிளம்பிவிட்டதே.

முதல் மாடித் திருப்பத்தில் நாற்காலியைத் திருப்பச் சிரமப்பட்டார்கள். ஷிப்ரா தீதி சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தாள். ஒரு கையில் சந்தேஷ் இனிப்புத் தட்டு. அவர் வாயில் ஒன்று ஊட்டி, சாவித்ரி வாயில் ஒன்று திணித்து, அழுதுகொண்டே கூடவே கீழே இறங்கிவிட்டாள். காரின் கதவு சாத்தப்படும்வரை, "துக்கா துக்கா, துக்கா துக்கா" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். துர்க்கையை அத்தனை தடவை கூப்பிட்டவள் பையை மறந்தாள். சாவித்ரியும் மறந்தாள்.

கார் பைபாஸ் ரோட்டில் போயிற்று. டிசம்பர் வெயில் புகையில் மங்கிக் கிடந்தது. அவர் கண்ணாடிப்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். சாவித்ரி வழக்கம்போல் பேசிக்கொண்டே வந்தாள். அவர் ஒரு தடவை திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே பார்த்தார்.

விமான நிலைய கவுன்டரில் இருந்த பெண்ணுக்குச் சின்ன வயது, நல்ல மரியாதை. டாக்டர் கடிதத்தைப் படித்தாள். மெஷினைக் குனிந்து பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டியபடி, சித்தி என்று உறவு வைத்துக் கூப்பிட்டாள்.

"மாஷீமா, உபரி பேட்டரிகளைக் கொஞ்சம் காட்டுங்கள். பயண நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஓடுகிற அளவு இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்."

"இருக்கே! எல்லாம் சார்ஜ் ஏத்தி..." என்று சாவித்ரி வங்காளத்தை மறந்து தமிழில் சொல்லிக்கொண்டே தோளைத் தடவினாள். தோளில் கைப்பைதான் இருந்தது. பெட்டிகளைப் பார்த்தாள். தள்ளுவண்டியின் கீழே பார்த்தாள். அப்புறம் மஞ்சள் கிழங்கு ஞாபகம் வந்தது.

"என்ன ஆச்சு மாஷீமா?"

"பை... வீட்டில்... இல்லை, கீழ் வீட்டில்."

"மெஷினில் இருப்பது மட்டும் போதாது. இது இல்லாமல் ஏற்ற எனக்கு அதிகாரமில்லை. நடுவானில் நின்றுபோனால் அவருக்குத்தானே கஷ்டம்?" அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். "கவுன்டர் மூடும்வரை பார்க்கிறேன். யாரையாவது கொண்டுவரச் சொல்லுங்கள். அதுவரை அதோ அந்தத் தூணோரம் பிளக் இருக்கிறது, மெஷினைச் சொருகி வையுங்கள்."

சார்ஜர் ஒயர் மெஷின் உறையிலேயே இருந்தது தெய்வாதீனம். தூணோரம் சக்கர நாற்காலியை நிறுத்தி ஒயரைச் சொருகிவிட்டு, சாவித்ரி ஷிப்ரா தீதிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை பின்னால் பெரும் இரைச்சலோடு குரல் வந்தது.

"ஹேலோ, ஷாபித்ரி? போய்ச் சேர்ந்தாச்சா? நான் மீன் கடையில் நிற்கிறேன்."

"தீதி, பை! என் நீலப் பை!"

"கீ ஷொர்போநாஷ்! சர்வநாசம்!" என்று ஷிப்ரா தீதி அலறினாள். "அந்தத் திவானிலேயே இருக்கிறதே! நீ ஏன் எடுக்கவில்லை? நான் ஏன் கொடுக்கவில்லை? இரு, இரு, நான் வருகிறேன். டாக்ஸி பிடித்து வருகிறேன். விமானத்தை நிறுத்தி வை!"

அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. ஜனங்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் சாவித்ரி விளிம்பில் உட்கார்ந்து, கவுன்டரையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தாள். தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவைச் சொல்லணும். முக்கியமானதை வை, முக்கியமானதை வைன்னு. ஒரு புடவையை வெச்சிருந்தா போயிருக்கும் சனியன். ஏன்னா, மூச்சு முட்டறதா? தண்ணி தரட்டுமா? நீலப் பையை வெச்சுட்டு வந்திருக்கேன், பாருங்கோ என் சாமர்த்தியத்தை."

"பார்த்தேன்," என்றார் சிவராமகிருஷ்ணன்.

அவர் குரலைக் கேட்டே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரகரவென்று, பழைய கதவு திறந்ததுபோல் இருந்தது.

"எதை?"

"பையை." மூச்சு இழுத்துக்கொண்டார். "மாடித் திருப்பத்துல... நாற்காலியைத் திருப்பறச்சே. கதவு திறந்திருந்தது. திவான் மேல... இருந்தது."

அவள் விளிம்பிலிருந்து நகர்ந்து அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"பார்த்துட்டு சும்மாவா வந்தேள்?"

அவர் தலையை ஆட்டினார்.

"பேச மூச்சில்லைன்னா கையையாவது காட்டியிருக்கலாமே. என் புடவையையாவது பிடிச்சு இழுத்திருக்கலாமே!"

"இருக்கலாம்."

"பின்னே?"

"வேண்டாம்னு... இருந்துட்டேன்."

சாவித்ரிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சுற்றி ஆட்கள் இருப்பதுகூட மறந்துபோயிற்று. பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"உங்களுக்கு வர இஷ்டமில்லைன்னா அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. டெங்குல கிடக்கற பிள்ளை ஏர்லைன்ஸ்காராளோட மல்லாடினானே, அப்போ சொல்லியிருக்கலாமே. நான் என்ன கல்லா? ரெண்டு வருஷமா சுவரோட பேசிண்டிருக்கேன். மெஷினோட பேசிண்டிருக்கேன். பைத்தியம் பிடிச்சுடுமோன்னு பயமா இருக்கு எனக்கு. ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'அப்படியா சாவித்ரி'ன்னு கேக்கமாட்டாளான்னுதான் கிளம்பினேன். உங்க நுரையீரலுக்காக இல்லை. போறுமா?"

சொல்லிவிட்டாள். சொன்னபின் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. தலையை மெல்ல அசைத்தார், அதெல்லாம் தெரியும் என்பதுபோல்.

"அதான்," என்றார்.

"எது அதான்?"

"அங்க போனா... நீ அவாளோட பேசுவே." நிறுத்தினார். மெஷின் புஸ்ஸென்று ஒரு மடக்குக் காற்றைத் தள்ளியது. இன்னொரு மடக்கு. "இங்கன்னா... எனக்கு மட்டும்."

"நீங்க எங்க கேட்டேள்? கண்ணை மூடிண்டு படுத்திருப்பேள்."

அவர் இரண்டு மூச்சு சேர்த்துக்கொண்டார். எதிரே ஒரு குடும்பம் பெட்டியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"மாலதி புருஷன் கேஸ்..." என்றார். "அலிப்பூர் கோர்ட்டு. கொழுந்தன் சாட்சிக் கூண்டுல... ஏறினான்னே. குக்கர் கத்தித்து. விட்டுட்டே. என்னாச்சு?"

போன வாரத்துக் கதை அது. பருப்பு வெந்துவிட்டதென்று பாதியில் விட்டவள், மீதியைச் சொல்லவேயில்லை. கேட்க ஆளிருப்பதாக அவள் நினைத்திருந்தால்தானே சொல்வதற்கு. இந்த மனுஷர் ஒரு வாரமாக அந்தக் கொழுந்தனைக் கூண்டிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை போதுமே, அப்புறம் என்று. அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். கோபம் இன்னும் இருந்தது; அதன்மேல் வேறு என்னவோ ஏறி உட்கார்ந்தது. மூக்கைச் சிந்திப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

கவுன்டர் மூடக் கொஞ்ச நேரமே இருக்கும்போது போன் அடித்தது. "நான் வந்துவிட்டேன்! எந்தக் கதவு? எல்லாம் ஒரே மாதிரி கதவாக இருக்கிறதே!"

சாவித்ரி ஓடினாள். அறுபதைத் தாண்டியவள் ஓடுகிற ஓட்டமா அது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வீட்டில் போடும் ரப்பர் செருப்போடு, தலைகூட வாராமல் ஷிப்ரா தீதி நின்றாள். ஒரு கையில் நீலப் பை. இன்னொரு கையில் மீன் பை. அவசரத்தில் அதையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். காவல்காரர் இரண்டையும் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"இதில் என்ன?"

"கத்லா," என்றாள் ஷிப்ரா தீதி. "இது போகாது. அது போகும். பேட்டரி, மருந்து. நோயாளி உள்ளே உட்கார்ந்திருக்கிறார், ஐயா."

டிக்கெட் இல்லாதவள் உள்ளே வரமுடியாது. உள்ளே வந்தவள் வெளியே போகக்கூடாது. காவல்காரர் நீலப் பையைத் திறந்து கைக்குட்டைச் சுற்றல்களை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தானே வாங்கி சாவித்ரியிடம் கொடுத்தார். மேலே மஞ்சள் கிழங்கு அப்படியே இருந்தது. நடுவில் இரும்புத் தடுப்பு. அதற்கு மேலாக ஷிப்ரா தீதி கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டாள். விரலில் மீன் வாசனை.

"நேற்றே போனது இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது, பார்," என்றாள் ஷிப்ரா தீதி. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "இனிமேல் மாடியில் சத்தம் கேட்காது. அந்த மெஷின் சத்தத்தில்தான் நான் தூங்குவேன், தெரியுமா? மேலே ஆள் இருக்கிறார்கள் என்று தைரியம்."

"ஆஷி, தீதி," என்றாள் சாவித்ரி.

"ஏஷோ."

வருகிறேன், வா. போகிறேன் என்று சொல்லும் வழக்கம் அந்தப் பாஷையிலும் இல்லை, இந்தப் பாஷையிலும் இல்லை. திரும்பி வரப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஷிப்ரா தீதி மீன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு டாக்ஸி வரிசையைப் பார்த்து நடந்தாள். சாவித்ரி அவளைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் திரும்பினாள்.

தூணோரம் வந்தபோது சிவராமகிருஷ்ணன் பையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பை வந்துவிட்டது, இனி நீ சொல்கிறபடி என்பதுபோல் நாற்காலிக் கைகளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் அவளுக்கு மனசு தடுமாறியதென்னவோ நிஜம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். கிளப்காரர்கள் மறுபடி மேலே தூக்கிவிடுவார்கள். பெரிய மெஷின் உறுமும். ஆனால் சாவித்ரி தியாகி இல்லை. அவர் இல்லாமல் போகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு அந்த இரண்டாம் மாடியில் மெஷின் சத்தமும் இருக்காது. அதை நினைத்தபோதே அவள் ஒயரைச் சுருட்டிவிட்டாள்.

"போலாம்," என்றாள்.

கவுன்டர் பெண் பேட்டரிகளை எண்ணிப் பார்த்துச் சிரித்தாள். பாதுகாப்புச் சோதனையில் மெஷினைத் துணியால் துடைத்துப் பார்த்தார்கள், மருந்துச் சீட்டைப் படித்தார்கள், நீலப் பையை ஒரு தடவை கருவிக்குள் அனுப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லோரும் ஏறியபின் கடைசியாக இவர்களை ஏற்றினார்கள். அவருக்கு ஜன்னலோரம். மெஷின் எதிர் சீட்டுக்கு அடியில்.

விமானம் எழும்பியது. கீழே ஊர் புகைக்குள் போயிற்று. குளங்களில் மட்டும் அங்கங்கே வெயில் பட்டு மின்னிற்று. பிறந்த ஊர். சாவித்ரிக்கு அதில் ஒரு தெரு அடையாளம் தெரியவில்லை. அவர் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் இவ்வளவு தனியாக இருந்தார்கள். சென்னையில் இறங்கினால் வித்யாலக்ஷ்மி இருப்பாள். வீடு கொள்ளாமல் பேச்சு இருக்கும். எல்லோரும் அவரிடம், "எப்படி இருக்கேள்?" என்று உரக்கக் கேட்பார்கள், அவர் பதிலுக்கு மூச்சு சேர்ப்பதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவளும் போய்விடுவாள். போகத்தான் ஆசைப்பட்டாள்.

மேலே ஏறினதும் அளவைக் கூட்டி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் குனிந்து மெஷினின் பொத்தானை அழுத்தினாள். மூன்று. வீட்டில் குளிக்கவும் நடக்கவும் மட்டும் கிடைக்கும் மூன்று. மூன்றில் பேட்டரி சீக்கிரம் கரையும், அதற்காகத்தான் உபரி. புஸ்ஸென்று தாராளமாகக் காற்று வந்தது. அவர் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது.

"ஏன்னா."

திரும்பினார்.

"மூணுல இருக்கு. சென்னை வரவரைக்கும் மூணுலதான் இருக்கும்." அவள் குழாயை அவர் காதோரம் சரிசெய்தாள். "மாலதி புருஷன் கதை அப்புறம். நான் பேசினது போறும். நீங்க பேசுங்கோ."

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கிறவர்போல் இருந்தார். ஒரு மடக்குக் காற்று. இன்னொரு மடக்கு.

"நேத்து ரசத்துல," என்றார், "உப்பே இல்லை."

சாவித்ரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ம்," என்றாள். "அப்புறம்?"

நீலப் பையைத் திறந்து, அடுத்த பேட்டரியைக் கைக்குட்டையோடு எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டாள்.